கருங்கல் ஜல்லியும் கம்ப்யூட்டர் மாடலும் - ஒரு பொட்டிதட்டியின் புலம்பல்

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா சினிமா விமர்சனத்தை விட இதுல கல்லடி அதிகம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

உத்திரமேரூர் பக்கம் பஸ்ஸில் போயிருக்கீங்களா? ஜன்னல் சீட் கிடைச்சா சந்தோஷப்படாதீங்க. எதிரில் வரிசையா டிப்பர் வரும். ஒவ்வொன்றும் தாண்டும்போது வெள்ளை மாவு மாதிரி ஒரு படலம் முகத்தில் அப்பும். ரோட்டோரப் புளியமரம் எல்லாம் சாம்பல் கலர்ல நிக்கும். ஊரைச் சுத்தி கல்குவாரியும் கிரஷரும். சென்னையில் எழும்புற அடுக்குமாடியில் ஒரு பங்கு இந்தப் பக்கத்து மலைதான்.

நான் சொல்ல வந்த விஷயம் இந்தக் கிரஷர்களுக்கு கம்ப்யூட்டரில் மாடல் போடுவது பற்றி. என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன்: பிளான்ட்டுக்குள்ள கால் வைக்காம, கன்வேயரில் சாம்பிள் வெட்டாம, ஆபீஸில் உக்காந்து திருகைத் திருகி கோட்டை கோட்டோட ஒட்டவைக்கிறதுக்குப் பேர் கேலிப்ரேஷன் இல்லை. அது கோலப்பொடியில் புள்ளிக்கு ஏத்த மாதிரி கோடு இழுக்கிறது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, அந்தக் கோலத்தைப் போட்டவனே நான்தான். அவ்வ்வ்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடறேன். "மினரல் பிராசசிங்" என்றதும் நம்ம மக்களுக்குக் கோலார் தங்கம், இல்லேன்னா மணவாளக்குறிச்சி மணல் ஆலை ஞாபகம் வரும். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் என்று காந்தத்தாலும் மின்னூட்டத்தாலும் பிரிக்கிறார்கள். அதெல்லாம் பெரிய இடம். ஆனா எந்தத் தாதுவா இருந்தாலும் முதல் ரெண்டு வேலை ஒண்ணுதான்: உடைக்கணும், சலிக்கணும். நம்ம ஊர் கிரஷர் அந்த ரெண்டோட நின்னுடுது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால செம்புச் சுரங்கத்துக்கு எழுதின கணக்கு நம்ம முக்கால் ஜல்லிக்கும் செல்லும்.

நம்ம கல்லும் லேசுப்பட்டதில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லுக்கு 1893-ல் டி.எச்.ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பேர் அது. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம்ம ஊர்க் கல்தான், அந்தாள் பேரையே கல்லுக்கு வெச்சுட்டாங்க. செத்தும் கெடுத்தான்னு சொல்வாங்களே, இவர் செத்தும் பேர் வாங்கினவர்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு நடுத்தர கிரஷரில் என்ன நடக்குது? வெடி வெச்ச பாறை முதலில் ஜா கிரஷருக்குப் போகும். அது பாக்குவெட்டி மாதிரி. அடுத்தது கோன் கிரஷர். இதுக்கு நம்ம வீட்டு ஆட்டுக்கல்லை நினைச்சுக்குங்க. குழவி நடுவில் நேரா நிக்காம சாய்ஞ்சு சுத்துறதால ஒரு பக்கம் இடுக்கு குறையும், எதிர்ப்பக்கம் கூடும். கல் அந்த இடுக்கில் மாட்டி உடையும், கீழே இறங்கும், மறுபடி மாட்டும். இடுக்கு மிகக் குறையும்போது எத்தனை மி.மீ. இருக்கோ, அதுதான் கோனின் செட்டிங். மூணாவது வி.எஸ்.ஐ. கல்லை வேகமா வீசி கல் மேலேயே மோதவிடுற மெஷின். எம்-சாண்ட் பிறக்கிற இடம். நடுநடுவே அதிரும் சல்லடைகள். பெரிசா நின்னது திரும்ப கோனுக்குப் போகும், சின்னது கீழே போகும். ஒன்றரை, முக்கால், அரை, சிப்ஸ், எம்-சாண்ட், டஸ்ட் என்று ஆறு குவியல்.

இதில் கணக்கு எங்கே வருது? 1960களில் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசா சுரங்கத்தை வைத்து குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆல்பன் லிஞ்ச் என்பவரின் குழு இந்த வேலையைத் தொடங்கியது. அந்தக் குழுவில் வந்த பில் வைட்டன் கோன் கிரஷருக்கு ஒரு மாடல் எழுதினார். ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் அதுதான் பலருக்கும் ஆத்திச்சூடி. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜேகே சிம்மெட் மென்பொருளுக்குள்ளும் இதுதான் இருக்கு.

மாடலின் சாரம் ரொம்ப எளிசு, அதனாலதான் அழகு. இடுக்கில் ஒவ்வொரு கல்லும் ஒரு கேள்வியைச் சந்திக்குது: உடையணுமா, நழுவிப் போகணுமா? ஒரு அளவுக்குக் கீழே இருந்தா உடையாம போயிடும். அந்த அளவு கே1. இன்னொரு அளவுக்கு மேலே இருந்தா உடைஞ்சே தீரணும். அது கே2. நடுவில் இருந்தா சைஸைப் பொறுத்து ஒரு வாய்ப்பு, அந்த வளைவின் வடிவத்துக்கு கே3. இதைப் பெரும்பாலும் 2.3 என்று நிறுத்திவிடுவார்கள். உடைஞ்சா எப்படிப்பட்ட துண்டாகும் என்பதற்கு டி10 என்று ஒரு எண்: உடைஞ்ச கல்லில் எத்தனை சதவீதம், பழைய சைஸில் பத்தில் ஒரு பங்கை விடச் சின்னதா ஆச்சு? டி10 கூடினா பொடி கூடும். ஒரே மெஷினில் இது குறைவா வந்தா கல் கெட்டின்னு அர்த்தம். சல்லடைக்கும் இதே போல ரெண்டு மூணு எண்கள்.

இந்த எண்களை எல்லாம் உங்க பிளான்ட்டுக்கு ஏத்தபடி கண்டுபிடிக்கிறதுதான் கேலிப்ரேஷன். இப்ப கொசுவர்த்தியைச் சுத்தறேன்.

நான் ஓ.எம்.ஆரில் ஆணி புடுங்குற ஆசாமி. கிரஷருக்கும் எனக்கும் ஒரே சம்பந்தம், கல்லூரி நண்பனோட சித்தப்பா. உத்திரமேரூர் தாலுகாவில் கிரஷர் வெச்சிருக்கார். ஒரு கல்யாணத்தில் பாத்தப்ப, பந்தியில் பக்கத்து இலை. "தம்பி, எம்-சாண்டுக்கு டிமாண்ட் இருக்குது, நம்மகிட்ட சரக்கு வர்ல. கல்லு உள்ள போவுது, சுத்திச் சுத்தி கோனுக்கே திரும்பி வருது. நீ கம்ப்யூட்டர்ல இன்னா இன்னாவோ பண்றியாமே, இதுக்கு எதுனா பாக்க முடியுமா?" என்றார்.

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தானே பொறந்ததே! ஒரு வாரம் ராத்திரி கண் முழிச்சு வைட்டன் மாடலைப் படிச்சு பைத்தானில் எழுதினேன். சனிக்கிழமை பைக்கில் போய் குவியலில் இருந்து ஒரு சிமெண்ட் சாக்கு நிறைய கோன் அவுட்புட்டை அள்ளினேன். குவியலின் அடியில், முட்டி உயரத்தில் அள்ளினேன், அதான் வசதி. கோன் செட்டிங் என்னன்னு கேட்டேன். ரிஜிஸ்டரைப் பாத்து 18 மி.மீ. என்றார்கள். குறிச்சுக்கிட்டேன். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடின ஏதோ இரும்புச் சாமான் மேல லேப்டாப்பை வெச்சு இதையெல்லாம் ஏத்தினேன். அந்த இரும்புச் சாமானை ஞாபகம் வெச்சுக்குங்க.

சாக்கை ஒரு தெரிஞ்ச சிவில் லேபில் சலிச்சு எட்டு சல்லடைப் புள்ளி கிடைச்சது. என் மாடலில் திருகக்கூடிய எண்கள் மொத்தம் ஒன்பது. படிச்ச மக்கள் இப்பவே சிரிச்சிருப்பீங்க. எட்டு புள்ளிக்கு ஒன்பது திருகு! ஆப்டிமைசரை ஓட்டினா கோடு புள்ளிகள் மேல பட்டுப்புடவை ஜரிகை மாதிரி உக்காந்துச்சு. ஆர் ஸ்கொயர் 0.99. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு எல்லாம் அனுப்பினேன்.

மாடல் என்ன சொல்லுச்சுன்னா: கல் ரொம்பக் கெட்டி, டி10 குறைவு, கோன் இடுக்கை இன்னும் குறைச்சாலும் பெரிசா பலன் இல்லை, திரும்பி வர்ற கல் குறையாது. இன்னொரு கோன் போட்டா வி.எஸ்.ஐ.க்குத் தேவையான சரக்கு கிடைக்கும்.

"இன்னா தம்பி சொல்லுது?"

"இன்னொரு கோன் வேணும் சித்தப்பா."

"நிச்சயமாவா?"

கிராஃபைக் காட்டினேன். அவருக்குக் கிராஃப் புரியலை, என் முகத்தில் இருந்த நம்பிக்கை புரிஞ்சது. கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் கோன் எடுத்தார்.

அது வந்து ஃபவுண்டேஷன் போட்டு முடிக்கிறதுக்குள்ள, பழைய கோனுக்கு வழக்கமான லைனர் மாத்துற வேலை வந்தது. லைனர்னா கோனுக்குள்ள கல்லோட உரசுற மாங்கனீஸ் எஃகுக் கவசம். ஆட்டுக்கல் தேஞ்சா கொத்துவோம், இதைக் கழட்டி மாத்துவோம். மாத்திட்டு ஓட்டின அன்னிக்கே திரும்பி வர்ற பெல்ட்டில் பாதிக்கு மேல காலி! வி.எஸ்.ஐ. நிரம்பி வழியுது, மணல் சல்லடை திணறுது. இடிக்குற இடம் கோனே இல்லை, சல்லடை. புது கோன் ஒரு ஓரமா, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்குது.

பழைய லைனர் தேஞ்சு தேஞ்சு இடுக்கு 18-லிருந்து எப்பவோ அகலமாயிடுச்சு. ரிஜிஸ்டரில் இருந்தது கடைசியா செட் பண்ணின நாளோட எண். பழைய லைனரின் தேய்மானத்தை வெச்சுப் பாத்தா நான் சாம்பிள் எடுத்த அன்னிக்கு 25 பக்கம் இருந்திருக்கணும். கோன் ஆப்பரேட்டர் அண்ணனுக்கு அது சத்தத்திலேயே தெரியும். அவர் முன்னாடியே சொல்லி, புது லைனர் செட்டும் வாங்கி, பிட்டருக்காக ஷெட்டில் காத்துக்கிட்டு இருந்திருக்கு. தார்ப்பாய்க்கு அடியில். ஆமாம் மக்களே, அது மேலதான் நான் லேப்டாப் வெச்சிருந்தேன்.

சித்தப்பா திட்டவே இல்லை. "லைனரோட முடிஞ்சிருக்கும் போல தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இதில் கணக்கு தப்பா? இல்லை. வைட்டன் பேரில் குத்தம் இல்லை, ஆப்டிமைசர் பேரிலும் இல்லை. நான் இடுக்கு 18 என்று அடிச்சு சொன்னேன். ஆனா டேட்டாவில் ஜல்லி பெரிசு பெரிசா வருது. இடுக்கு சின்னது, வர்ற கல் பெரிசு, ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகணும்னா மாடலுக்கு ஒரே வழிதான்: கல்லைக் கெட்டியாக்கு. பாவம், அது நான் சொன்ன பொய்க்கு ஏத்த மாதிரி இன்னொரு பொய் சொல்லி சமாளிச்சுது. போதாக்குறைக்கு நான் குவியலின் அடியில் அள்ளினது. ஜல்லிக் குவியலைப் பாத்தவங்களுக்குத் தெரியும், பெரிய கல் உருண்டு அடிக்கு வந்துடும், பொடி நடுவில் தங்கிடும். ரெண்டு தப்பும் ஒரே திசையில் தள்ளிச்சு. ஒன்பது திருகு கையில் இருந்தா எந்தப் பொய்யையும் ஏதாவது ஒரு திருகு முழுங்கிடும். இன்னிக்கு டேட்டாவுக்கு கோடு கச்சிதமா பொருந்தும். நாளைக்கு லைனரை மாத்தினா, இடுக்கை மாத்தினா, சாயம் வெளுத்துடும். நாம மாடல் போடறதே எதையாவது மாத்தினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத்தானே?

இயற்பியலில் இதுக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1953-ல் ஃப்ரீமன் டைசன் தன் குழுவின் கணக்கை எடுத்துக்கிட்டு என்ரிகோ ஃபெர்மியைப் பாக்கப் போனார், சோதனையோட அருமையா பொருந்துதுன்னு. ஃபெர்மி எத்தனை எண்களைத் திருகினாய் என்று கேட்டார். நாலு. அதுக்கு ஃபெர்மி, நாலு எண் கொடுத்தா யானையையே வரைஞ்சுடலாம், அஞ்சு கொடுத்தா தும்பிக்கையையும் ஆட்டவைக்கலாம் என்று என் நண்பர் வான் நாய்மன் சொல்வார் என்றாராம். டைசன் அந்த ஆராய்ச்சியை முடிச்சுக்கிட்டார். நான் ஒன்பது வெச்சிருந்தேன். கோயில் யானை, பாகன், அங்குசம், தேங்காய் மூடி எல்லாம் வரைஞ்சிருக்கலாம்.

அப்ப எப்படித்தான் பண்ணணும்? தோத்தப்புறம் தேடித் தேடிப் படிச்சதைச் சொல்றேன்.

சாம்பிளைக் குவியலில் எடுக்கவே கூடாது. ஓடற கன்வேயரை லோடோட நிறுத்தணும். மெயின் ஸ்விட்சைப் பூட்டி சாவியை உங்க பாக்கெட்டில் போட்டுக்கணும், இதில் விளையாடவே கூடாது. பெல்ட்டில் ரெண்டு மீட்டர், மூணு மீட்டர் என்று அளந்து, ரெண்டு பக்கமும் தகடு வெச்சுத் தடுத்து, நடுவில் இருக்கிற மொத்தத்தையும் எடுக்கணும். மொத்தம்னா மொத்தம். பெல்ட்டில் ஒட்டியிருக்கிற பொடியை பிரஷ் போட்டு வழிச்சு எடுக்கணும். மிக்சர் டப்பாவில் மேலாக அள்ளினா கடலையும் முந்திரியும் வரும், கடைசியில் சாப்பிடறவனுக்கு வெறும் தூள். பெல்ட்டிலும் அப்படித்தான், அதிர்வில் பொடி அடிக்குப் போயிடும்.

எவ்வளவு எடுக்கணும்? இங்கேதான் எனக்குத் தலை சுத்தினது. பியர் ஜி என்ற பிரெஞ்சுக்காரர் சாம்பிள் எடுப்பதை ஆராய்ந்தவர். அவர் கணக்குப்படி தேவையான எடை, கல்லின் அதிகபட்ச சைஸின் மூன்றாம் அடுக்கோட ஏறும். ஒரு பேச்சுக்கு 10 மி.மீ. ஜல்லிக்கு 10 கிலோ போதும்னா, அதே நம்பகத்துக்கு 20 மி.மீ.க்கு 80 கிலோ, 40 மி.மீ.க்கு 640 கிலோ. நான் எடுத்தது ஒரு சாக்கு. சாம்பிள் எடுக்க லேப்டாப் பை போதாது, டிராக்டர் வேணும் :-)

இந்த இடத்தில் ஊர்ப் பெருமையை கொஞ்சம் பேசிக்கறேன், மன்னிச்சுடுங்க. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. குடவோலை முறை. எல்லோரும் ஜனநாயகம் ஜனநாயகம்னு பேசுவாங்க. நான் பாக்கிறது சாம்பிளிங். குடத்தைக் காலின்னு சபைக்கு முன்னால் தூக்கிக் காட்டணும். ஓலைகளைப் போட்டு நல்லா குலுக்கணும். உள்ளே யார் பேர் இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் எடுக்கணும். எடுக்கிறவன் கைக்கு வசதியானது வரக்கூடாது என்பதுக்குத்தான் இத்தனை ஏற்பாடும். அந்தக் கல்வெட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில், ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு, நான் முட்டி உயரத்தில் வசதியா அள்ளியிருக்கேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி நிக்கக்கூடாதுன்னும் அதில் இருக்கு. அந்த விதி சிமுலேஷன் ரிப்போர்ட்டுக்கு இருந்திருந்தா நான் அவுட்டு.

அடுத்தது இடுக்கு. ரிஜிஸ்டரை, பேனலை, யாரையும் நம்பக்கூடாது. கோனை கல் இல்லாம காலியா ஓடவிட்டு, ஒரு ஈயக்கட்டியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கி நசுங்கவிட்டு வெளியே எடுக்கணும். நசுங்கின தடிமனை வெர்னியரில் அளந்தா அதுதான் செட்டிங். சுத்திலும் நாலு இடத்தில் அளக்கணும், தேய்மானம் எல்லாப் பக்கமும் சமமா இருக்காது. பழைய காலத்து வழி, அஞ்சு நிமிஷ வேலை. இந்த அஞ்சு நிமிஷம் செஞ்சிருந்தா சித்தப்பாவுக்கு ஒரு கோன் மிச்சம்.

அப்புறம் எடைக் கணக்கு. உள்ளே போன கல்லும் வெளியே வந்த ஆறு குவியலும் சமமாகணும். நிஜத்தில் ஒருநாளும் ஆகாது. எடைமேடை ஒண்ணு சொல்லும், பெல்ட் ஒண்ணு சொல்லும், லோடை யூனிட் கணக்கில் எழுதினவர் ஒண்ணு சொல்வார், ஈரம் வேற. ஆகாததை முதலில் ஒத்துக்கிட்டு, எந்த அளவை எவ்வளவு நம்பலாம்னு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழை எல்லை கொடுத்து, அதிகம் நம்பறதைக் கொஞ்சமாவும் நம்பாததை அதிகமாவும் நகர்த்தி சமன் பண்ணணும். இதைச் செய்யாம மாடலுக்குப் போனா, அளவெடுப்பின் பிழை முழுக்க கல் மேல பழியா விழும்.

கடைசியா, என் கட்சி இதுதான்: ஒரே ஒரு நாள் டேட்டாவை வெச்சு ஃபிட் பண்ணினதுக்கு கேலிப்ரேஷன்னு சொல்லக்கூடாது. குறைஞ்சது ரெண்டு செட்டிங்கில் ஓட்டிப் பாக்கணும். ஒண்ணை வெச்சுத் திருகணும், இன்னொன்றை மாடலுக்குக் காட்டவே கூடாது. அதை மாடல் சரியா சொல்லுதான்னு பாக்கணும். பரீட்சைக்கு வர்ற கேள்வியையே டியூஷனில் சொல்லிக்கொடுத்துட்டு பையன் நூத்துக்கு நூறுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

இதுக்கு எதிர்வாதம் இருக்கு. பிளான்ட்டே இன்னும் கட்டலை, சாம்பிளுக்கு எங்கே போறது? உண்மை. மெஷின் விக்கிற பெரிய கம்பெனிகளே மெட்சோவின் புரூனோ மாதிரி மென்பொருள் வெச்சிருக்காங்க. தங்கள் மெஷின் பத்தின பல வருஷ டேட்டா அதுக்குள்ள இருக்கும். புது பிளான்ட் போடறவங்களுக்கு அது நல்ல ஆரம்பம், நான் குறை சொல்லலை. ஆனா ஓடிக்கிட்டு இருக்கிற பிளான்ட்டுக்கு, தேஞ்ச லைனருக்கு, கிழிஞ்ச சல்லடைக்கு அது ஜாதகம் மாதிரிதான். பொறந்த நேரத்தை வெச்சு சொல்லும், நேத்து சாப்பிட்டதைச் சொல்லாது.

ஒருநாளுக்கு பிளான்ட்டை அரை மணி நேரம் நிறுத்தினா எவ்வளவு நஷ்டம் தெரியுமான்னு இன்னொரு கேள்வி வரும். தெரியும். அதைச் சொல்றவங்க கோன் இ.எம்.ஐ.யையும் பக்கத்தில் எழுதிப் பாக்கணும்.

இப்ப "டிஜிட்டல் ட்வின்" என்று ஒரு பேர் நடமாடுது. எங்க ஆபீஸில் டமேஜர் வாயைத் திறந்தா இதான். சென்சார் மாட்டு, கிளவுடில் போடு, மாடல் தானா கத்துக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. பெல்ட் ஸ்கேலில் பொடி படிஞ்சு எடை ஏறினா சென்சார் அந்தப் பொய்யை நொடிக்கு ஒருதரம் அனுப்பும். நான் ஒரு சாக்கு தப்பான டேட்டாவை வெச்சு ஒரு கோன் வாங்கவெச்சேன். நொடிக்கு ஒருதரம் வந்தா எத்தனை கோன்? ரெட்டைப்பிள்ளைன்னு பேர் வெச்சுட்டா ஜாடை வந்துடாது.

"அட, ஜல்லிக்கு எதுக்குப்பா இவ்வளவு அலப்பறை"ன்னு நினைக்கறவங்களுக்கு. பாலாத்து மணலை அள்ளி அள்ளி இப்ப எம்-சாண்டுக்கு வந்து நிக்கிறோம். 2023-ல் தமிழக அரசு அதுக்குன்னு தனிக் கொள்கையே வெளியிட்டது. எம்-சாண்டுக்கு ஐ.எஸ். 383 (2016) என்று தரநிலை இருக்கு. அதில் இரண்டாம் மண்டல மணல்னா 600 மைக்ரான் சல்லடையில் 35 முதல் 59 சதவீதம் வரை இறங்கணும், 300-ல் 8 முதல் 30. உடைச்ச கல் மணலுக்கு 150 மைக்ரானில் 20 சதவீதம் வரை சலுகை. 75 மைக்ரானுக்குக் கீழே 15 சதவீதம் தாண்டக்கூடாது. தாண்டினா அது மணல் இல்லை, மாவு. கான்கிரீட் தண்ணி குடிக்கும், சிமெண்ட் கேக்கும். இந்த எல்லைக்குள்ள நிக்க வைக்க கோன் இடுக்கு, வி.எஸ்.ஐ. வேகம், சல்லடைக் கண் மூணையும் சேர்த்துப் பாக்கணும். கண்ணை மூடிக்கிட்டு மாத்தினா டஸ்ட் குவியல் ஏறும். அந்த டஸ்ட்டும் வெடி வெச்சு எடுத்த மலைதான், டீசல் கரன்ட் எல்லாம் செலவழிச்சு உடைச்சதுதான். காத்தடிச்சா பக்கத்து நிலத்துக் கத்தரிச்செடி மேலயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மூக்கிலயும் போய் உக்காரறதும் அதுதான். நல்ல மாடல் இருந்தா அதே ஜல்லிக்கு மலையைக் கொஞ்சம் குறைவா உடைக்கலாம். அதனாலதான் எனக்கு இந்த வேலை மேல இன்னும் ஆசை போகலை.

போன தை மாசம் மறுபடி போனேன். சித்தப்பா, "இந்த தபா மெஷின் எதுவும் வாங்கச் சொல்ல மாட்டியே?" என்று கேட்டுட்டுத்தான் கேட்டைத் திறந்தார். ஆப்பரேட்டர் அண்ணன் கோன் பக்கத்தில் நின்னு சொல்ல, ஈயக்கட்டியை இறக்கி நாலு இடத்தில் அளந்தோம். 18, 24 என்று ரெண்டு செட்டிங். ஒவ்வொன்றிலும் பெல்ட்டை நிறுத்தி வெட்டினோம், அள்ளி முடிக்கறதுக்குள்ள எனக்கு முதுகு கழண்டுடுச்சு. லேபுக்குப் போக டிராக்டர்தான். திருகக்கூடிய எண்களை ஒன்பதிலிருந்து மூணாக் குறைச்சேன். 18-ஐ வெச்சுத் திருகி, 24-ஐ சொல்லச் சொன்னேன். 20 மி.மீ. சல்லடையில் மூணு சதவீத வித்தியாசத்துக்குள்ள வந்தது. டி10 இந்த தடவை நல்லாவே கூட, கல் கெட்டின்னு நான் கட்டின கதை காணாம போச்சு. 4.75-க்குக் கீழே மட்டும் இன்னும் ஒத்து வரலை. ஒண்ணு அன்னிக்கு அடிச்ச காத்தில் பொடி பறந்திருக்கணும், இல்லை ஈரக்கல்லில் ஒட்டிக்கிட்டு சலிக்காம போயிருக்கணும். சித்திரை வெயிலில் காய்ஞ்ச கல்லோட இன்னொரு தடவை வெட்டணும். சொல்லி வெச்சிருக்கேன், அரை மணி நேரம் நிறுத்தறேன்னு ஒத்துக்கிட்டிருக்கார்.

இரண்டாவது கோன் வாரத்துக்கு ரெண்டு நாள் ஓடுது.

பி.கு: ஈயத்தைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும். நசுங்கின கட்டி ஒண்ணு என் லேப்டாப் பையிலேயே கிடக்குது, ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மூணு தடவை எடுத்துப் பாத்துட்டார், நான் சொன்ன எந்த விளக்கத்தையும் அவர் நம்பலை :-)